மலையேறுதல்: அருளாட்டம், அறிதுயில், சமகாலக் கலை

கடந்த சில பத்தாண்டுகளாகத் தென்கிழக்காசியச் சமகாலக் கலை பற்றிய காட்சிக் கையேடுகளிலும் கருத்தரங்கக் கட்டுரைகளிலும் 'நெகிழும் அடையாளம்' என்னும் தொடர் மிகுதியாக வழங்கி வருகிறது. பிறப்பாலும் இனத்தாலும் பாலாலும் எவரும் நிலையாகக் கட்டப்பட்டவர் அல்லர். ஒவ்வொருவரும் தம்மை மாற்றி மாற்றிப் புனைந்துகொள்ள வல்லவர் என்பது இத்தொடரின் சாரம். இதற்குச் சான்று தேடுவோர் பெரும்பாலும் இரண்டு இடங்களுக்குச் செல்கின்றனர். ஒன்று, மேலைநாட்டுக் கலைஞர் சிலர் அறிதுயில் நிலையில் நிகழ்த்திக் காட்டும் நிகழ்வுகள். மற்றொன்று, பத்துமலைத் தைப்பூசத்தில் அருள் வந்து ஆடும் காவடியாளர். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, இரண்டிலும் தன்னிலை கரைந்துவிடுகிறது என்று எழுதிவிடுவது எளிது. அவ்வாறு எழுதுவது அருளாட்டத்தையும் விளக்காது, கலையையும் விளக்காது என்பதே இக்கட்டுரையின் வாதம். கிள்ளான் பள்ளத்தாக்கின் வழக்குகளையும், மலேசியாவோடு தொடர்புடைய சில கலைப்படைப்புகளையும் முன்வைத்து இவ்வாதத்தை நிறுவ இக்கட்டுரை முற்படுகிறது.

முதலில் சொற்களை நோக்குவோம். தமிழில் அருளாட்டத்தைக் குறிக்க வழங்கும் வினைகள் ஏறத்தாழ அனைத்தும் போக்குவரவைக் குறிப்பவை. சாமி 'வருகிறது', அருள் 'இறங்குகிறது', ஆட்டம் முடிந்ததும் சாமி 'மலையேறுகிறது'. ஆடியவர் கரைந்தார், மறைந்தார், உடைந்தார் என்று எந்தத் தோட்டத்துக் கோயிலிலும் எவரும் கூறுவதில்லை. வந்தது ஒன்று; அது போய்விட்டது; வீட்டுக்காரர் மீண்டும் வீட்டில் இருக்கிறார். 'மலையேறுதல்' என்னும் இச்சொல்லாட்சி நாட்டார் வழக்கு என்பதால் ஆய்வாளர் பலர் இதனைக் கடந்து சென்றுவிடுகின்றனர். ஆயின், அருளாட்டத்தின் இலக்கணம் முழுவதும் இச்சொல்லில் அடங்கியிருக்கிறது எனலாம். வெளியேறும் வழி இல்லாத ஆட்டத்தைத் தமிழர் அருள் என்று ஏற்பதில்லை; அதற்குப் 'பேய் பிடித்தல்' என்று வேறு பெயர் உண்டு. வருவதும் பிடிப்பதும் வேறு வேறு.

'அறிதுயில்' என்பது இதற்கு மாறானதொரு வரலாறு உடைய சொல். சிலப்பதிகாரம் பாம்பணையில் துயிலும் திருமாலின் நிலையை இச்சொல்லால் குறிக்கிறது. உறங்குவது போலிருந்தும் யாவற்றையும் அறிந்திருக்கும் நிலை அது. பின்னாளில் கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபட்டோர் இதனை மேலைநாட்டு மருத்துவர் கண்ட மனவசிய நிலைக்கு ஈடாக்கினர். இந்த ஈடு எதிர்பாராத வகையில் பொருத்தமாக அமைந்துவிட்டது என்றே கூறவேண்டும். கோவாவின் கண்டோலிமில் 1756-இல் பிறந்து பாரிசில் வாழ்ந்த அபே ஃபாரியா என்னும் பாதிரியார், 1813 முதல் இந்நிலை பற்றிப் பொது விரிவுரைகள் நிகழ்த்தினார். 1819-இல் அவர் மறைந்த ஆண்டிலேயே வெளிவந்த அவரது நூல் அதனைத் 'தெளிந்த துயில்' என்று பெயரிட்டுப் பேசுகிறது. மெஸ்மர் சொன்ன காந்த நீரோட்டம் என்று ஒன்றும் இல்லை. துயிலச் செய்பவனிடம் ஆற்றல் இல்லை. துயில்பவரின் இசைவிலும் எதிர்பார்ப்பிலுமே அனைத்தும் அடங்கியுள்ளது என்பது ஃபாரியாவின் கொள்கை. ஜேம்ஸ் பிரெய்டு என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் 1840-களில் இத்துறைக்கு இன்றைய ஆங்கிலப் பெயரை நிலைநிறுத்துவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்பே இது சொல்லப்பட்டுவிட்டது.

ஃபாரியாவின் கொள்கை எவ்வளவு தெளிவாயினும், நடைமுறையில் அறிதுயில் அதிகாரத்திலிருந்து விலகியதில்லை. 1845-இல் வங்காளத்து ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்னும் கம்பெனி மருத்துவர் இம்முறையில் நோயாளிகளை மயக்கிப் பெரிய அறுவை மருத்துவங்கள் செய்தார். அவரிடம் வந்தோருள் சிறைக் கைதிகளும் ஏழைகளும் மிகுதி. வெள்ளை மருத்துவரின் கைக்குக் கீழே கிடந்த அவ்வுடல்களின் இசைவு எத்தகையது என்னும் வினா இன்றளவும் எஞ்சி நிற்கிறது. நம் நாட்டிலும் மயக்குதல் என்றால் பொதுமக்கள் நினைவுக்கு முதலில் வருவது மருத்துவமன்று. மலாயில் 'புக்காவ்' எனப்படும் திருட்டு மயக்கமே. கிளந்தானில் மருத்துவராகப் பணியாற்றிய ஜான் கிம்லெட், 1915-இல் வெளியிட்ட மலாய் நஞ்சுகள் பற்றிய நூலில் ஊமத்தை கொடுத்து மயக்கும் வழக்கத்தை விரித்துரைக்கிறார். இன்றும் நகையைப் பறிகொடுத்தவர்கள் 'புக்காவ் போட்டுவிட்டான்' என்று கூறுவதைத் தமிழ் நாளேடுகளில் காண்கிறோம். ஆகவே, அறிதுயிலை விடுதலையின் குறியீடாக மட்டும் காட்டும் கலைப்பேச்சு, கிள்ளான் பள்ளத்தாக்கின் காதுகளில் சற்று விந்தையாகவே ஒலிக்கும்.

பத்துமலையில் நிகழ்வது யாது?

தைப்பூச வெள்ளிரதம் கோலாலம்பூர் துன் எச். எஸ். லீ சாலையிலுள்ள ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்திலிருந்து புறப்பட்டுப் பத்துமலையை அடைவதும், 272 படிகளும், 2006-இல் திறக்கப்பட்ட 42.7 மீட்டர் உயர முருகன் சிலையும் இவ்விதழின் வாசகர்க்குப் புதியன அல்ல. நமக்கு வேண்டியது, படியின் அடியில் ஆற்றங்கரையில் நிகழும் ஒரு சிறு சடங்கு. விரதமிருந்து நீராடி வந்தவர் நிற்கிறார். உறுமி முழங்குகிறது, சாம்பிராணி புகைகிறது, உறவினர் சூழ்ந்து 'வேல் வேல்' என்கின்றனர். குருவோ பூசாரியோ திருநீறிட்டு அவர் கண்களை நோக்குகிறார். உடல் ஆடத் தொடங்கியதும் பல குழுக்களில் எழும் வினா ஒன்று உண்டு: 'யார் வந்திருப்பது?' முருகனா, காளியா, முனீஸ்வரனா, மதுரை வீரனா என்பது கேட்டறியப்படுகிறது. அதற்கேற்பவே மாலையும் வேலும் சுருட்டும் சாட்டையும் தரப்படும். பெயர் சொல்லாமல் ஆடுவோரைக் குழு ஐயுறுகிறது. எலுமிச்சையும் திருநீறும் கொண்டு அமைதிப்படுத்துகிறது. மேலே குகையில் காவடி இறக்கப்பட்டு, அலகு கழற்றப்பட்டு, திருநீறு பூசப்பட்டதும் அவர் மீண்டும் தம் பெயருக்குத் திரும்புகிறார். யாரோ ஒருவர் தண்ணீர் கொடுக்கிறார்.

இதனை ஆராய்ந்த அறிஞர் பலர். ரொனால்டு சைமன்ஸ் பங்கு கொண்டு 1973-இல் வெளிவந்த 'ஃபுளோட்டிங் இன் தி ஏர், ஃபாலோட் பை தி விண்ட்' என்னும் ஆவணப்படம் மலேசியத் தைப்பூசத்தை மேலைநாட்டு வகுப்பறைகளுக்குக் கொண்டுசென்றது. கொலீன் வார்டு 1984-இல் எழுதிய கட்டுரை, சடங்கு மயக்கம் என்பதையும் தெய்வமேறல் என்பதையும் தலைப்பிலேயே இரண்டாக நிறுத்துகிறது. ரேமண்ட் லீ 1989-இல் பரவசத்தையும் அடையாளத்தையும் இணைத்து எழுதினார். எலிசபெத் ஃபுல்லர் காலின்ஸ் 1997-இல் பினாங்கை முன்வைத்து அதிகாரம், அறமீட்பு என்னும் நோக்கில் நூல் எழுதினார். தாமே காவடி ஏந்திய ஆஸ்திரேலியரான கார்ல் வடிவேல பெல்லின் விரிவான நூல் 2017-இல் வெளிவந்தது. இவற்றுள் என் வாதத்துக்கு மிகவும் துணை செய்வது 1988-இல் சைமன்ஸ், எர்வின், பிரின்ஸ் ஆகிய மூவர் எழுதிய கட்டுரையே. அதன் தலைப்பில் உள்ள 'தைப்பூசத்துக்கான பயிற்சி' என்னும் தொடரை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அருள் என்பது திடீரென வந்து தாக்கும் மின்னல் அன்று. அது குழுவினரால் கற்பிக்கப்பட்டுப் பல நாள் பழகிப் பெறும் திறன். இதனைக் கூறுவதால் பக்தி குறைபடுவதில்லை. ஓதுவார் பண் பயில்வதால் தேவாரம் குறைபடுவதுண்டோ?

தன்னிலை மாற்றம் இங்கு மெய்யாகவே நிகழ்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. வார நாள்களில் சரக்குந்து ஓட்டும் ஆடவர் காளியாகச் சேலை உடுத்து நாக்கை நீட்டி ஆடுகிறார். வீட்டில் குரல் உயர்த்தாத பெண் முனியாண்டியாகச் சுருட்டுப் பிடித்துக் குடும்பத்து மூத்தவரை அதட்டுகிறார். சீனர்களும் அலகு குத்திக் காவடி ஏந்துகின்றனர். பால், சாதி, இனம் ஆகிய மூன்று எல்லைகளும் ஒரே காலைப்பொழுதில் கடக்கப்படுகின்றன. ஆனால், கடப்பதற்கு வாயில் உண்டு. வாயிலில் காவலர் உண்டு. திரும்பும் நேரமும் உண்டு. இம்மூன்றையும் விடுத்துக் கன்னத்து அலகையும் மேலேறிய விழியையும் மட்டும் நெருக்கத்தில் பிடிக்கும் ஒளிப்படங்கள், அவை எவ்வளவு திறம்பட எடுக்கப்பட்டவையாயினும், வினாவை விட்டுவிட்டு விடையை மட்டும் காட்டுகின்றன. ஆண்டுதோறும் இத்தகைய படங்கள் ஆயிரக்கணக்கில் எடுக்கப்படுகின்றன. 'யார் வந்திருப்பது?' என்று கேட்கும் முகம் அவற்றுள் அரிதாகவே இடம்பெறும்.

இலக்கியத்தில் வேற்றுரு

அருளாட்டம் பற்றிய ஐயமும் ஆய்வும் மேலைநாட்டாரிடமிருந்து வந்தவை என்று கருதுவோர் அகப்பாடல்களை மீண்டும் பயிலவேண்டும். தலைவியின் மெலிவுக்குக் காரணம் அறியாத தாய் வேலனை அழைக்கிறாள். வேலன் கழங்கு பார்த்து, வெறியாடி, முருகு அணங்கியது என்கிறான். தலைவிக்கும் தோழிக்கும் பாடலைக் கேட்போர்க்கும் காரணம் தலைவன் என்பது தெரியும். வேலனின் ஆட்டம் மெய்; அவன் கண்ட காரணம் பொய். இவ்விரண்டையும் ஒருங்கே வைத்துக்கொண்டு, ஆட்டத்தை இழிவுபடுத்தாமலும் அதன் தீர்ப்பை ஏற்காமலும் நகைக்கும் தோழியின் நிலை, இன்றைய மானிடவியலாளர் பலர்க்கு வாய்க்காத நிலை.

மணிமேகலையோ இன்னும் ஆழமாகச் செல்கிறது. வேற்றுருக் கொள்ளும் மந்திரத்தைத் தெய்வத்திடம் பெற்ற மணிமேகலை, உதயகுமரனிடமிருந்து தப்பக் காயசண்டிகையின் வடிவை மேற்கொள்கிறாள். அவ்வடிவிலேயே பசித்தோர்க்கு உணவிடுகிறாள். ஆனால் காயசண்டிகைக்குக் கணவன் உண்டு. தன் மனைவி பிறனோடு உறவாடுகிறாள் எனப் பிறழ உணர்ந்த காஞ்சனனின் வாளுக்கு உதயகுமரன் இரையாகிறான். பிறர் உருவை எடுத்தால் அப்பிறரின் உறவுகளும் கணக்குகளும் உடன் வரும் என்பதைச் சாத்தனார் அறிந்திருந்தார். 'நெகிழும் அடையாளம்' பற்றிய இன்றைய எழுத்துகளில் காஞ்சனனுக்கு இடமே இல்லை. பின்னர் வஞ்சி நகரில் மாதவன் ஒருவனின் வடிவு பூண்டு சமயக்கணக்கர் பலரிடம் மணிமேகலை பொருள் கேட்கிறாள். அவற்றைப் பற்றி அறவண அடிகளிடம் கூறும்போது, தான் பூண்டிருந்த அவ்வேற்றுருவைப் போலவே அச்சமயங்களையும் சிந்தையில் வைக்கவில்லை என்கிறாள். உருவை அணிவதும் அதனை உள்ளத்தில் ஏற்பதும் வேறு என்னும் இவ்வேறுபாட்டை ஒரு கலைவிமரிசன அளவுகோலாகவே நாம் கொள்ளலாம். வேடம், ஆவேசம், அறிதுயில் என மூன்று நிலைகளை இங்குப் பிரித்தறிய வேண்டும். வேடம் கட்டுபவர் அறிந்தே கட்டுகிறார். ஆவேசத்தில் குழுவின் துணையோடு ஒன்று வந்து போகிறது. அறிதுயிலில் மற்றொருவரின் குரல் வழிநடத்துகிறது.

கலைக்கூடத்தில்

இவ்வளவுகோலோடு படைப்புகளை அணுகுவோம். அமெரிக்கக் கலைஞரான மேட் மல்லிக்கன் (பிறப்பு 1951) 1970-களின் இறுதியிலிருந்து அறிதுயில் நிலையில் மேடையில் நிகழ்த்தியும் வரைந்தும் வருகிறார். அந்நிலையில் தம்முள் தோன்றுபவரை அவர் 'அந்த ஆள்' என்று மட்டுமே குறிப்பிடுகிறார். அந்த ஆளுக்கு வயதில்லை, பாலில்லை, பெயருமில்லை. அறிதுயிலில் எழுந்த வரைவுகள் அந்த ஆளின் படைப்புகளாகவே காட்சிக்கு வைக்கப்படுகின்றன. இது நேர்மையான முயற்சி என்பதில் எனக்கு ஐயமில்லை. வழிநடத்தும் குரலையும் முடிக்கும் நேரத்தையும் அது மறைப்பதில்லை. ஆயினும் பத்துமலையின் பூசாரி இவரைக் கண்டால் கேட்கும் முதல் வினாவுக்கு இங்கு விடை இல்லை. 'யார் வந்திருப்பது?' என்பதற்கு 'அந்த ஆள்' என்பது விடையாகாது. பெயரின்மையை மேலை நவீனக் கலை ஆழமாகக் கருதுகிறது. நம் வழக்கு அதனை ஆபத்தாகக் கருதுகிறது. பெயரில்லாத ஒன்றோடு ஊரார் பேச இயலாது. அதனிடம் குறி கேட்கவும் இயலாது, போகச் சொல்லவும் இயலாது. மல்லிக்கனின் நிகழ்வில் பார்வையாளர் வெறும் பார்வையாளர். காவடியில் அவர்கள் உறவினர். இவ்வேறுபாடே இரண்டையும் ஒன்றெனக் கூறும் கட்டுரைகள் காணத் தவறுவது.

2012-இல் ஜெர்மனியின் காசல் நகரில் நிகழ்ந்த பதின்மூன்றாம் டாக்குமெண்டா காட்சியில், மார்கோஸ் லுட்டியன்ஸ் பார்வையாளர்களையே அறிதுயிலுக்கு உட்படுத்தும் அமர்வுகளை நடத்தினார். மல்லிக்கனைவிட ஒரு படி மேலே சென்று, காண்பவரையும் வாயிலுக்குள் அழைத்த வகையில் இது குறிப்பிடத்தக்கது. அதற்குமேல் அதனைப் பற்றி இங்கு விரித்தல் வேண்டா.

நம் மண்ணுக்கு வருவோம். சிங்கப்பூரில் 1959-இல் பிறந்து போர்ட் டிக்சனில் வளர்ந்த சிம்ரின் கில், 1999–2000 ஆண்டுகளில் உருவாக்கிய ஒளிப்படத் தொடர் 'எ ஸ்மால் டவுன் அட் தி டர்ன் ஆஃப் தி செஞ்சுரி'. அச்சிறு நகரத்து மக்கள் தத்தம் வீட்டிலும் பணியிடத்திலும் அமர்ந்தோ நின்றோ காட்சி தருகின்றனர். ஒவ்வொருவரின் தலையையும் வெப்பமண்டலக் கனிகள் மூடியிருக்கின்றன. முகம் இருக்கவேண்டிய இடத்தில் பழம். இப்படங்களின் முன் நிற்கும் மலேசியர் எவரும் முதலில் செய்வது ஒன்றே. உடையை, கையின் நிறத்தை, நாற்காலியை, சுவரிலுள்ள நாள்காட்டியை உற்று நோக்கி, 'இவர் மலாய்க்காரரா, சீனரா, இந்தியரா?' என்று கணக்கிடத் தொடங்குகின்றனர். நெகிழ்ந்தது படத்தில் இருப்பவரின் அடையாளம் அன்று; வெளிப்பட்டது நம் வகைபிரிக்கும் பழக்கம். மேலும், அந்நகரத்து அயலார்க்கு இம்முகமூடிகள் பெரிதாக எதனையும் மறைத்திரா. தோளின் சாய்வையும் வீட்டுத் திரைச்சீலையையும் கொண்டே அவர்கள் ஆளைப் பெயர் சொல்லி அழைத்துவிடுவர். முகமூடி வெளியாருக்கே உரியது. அடையாளம் என்பது அட்டையில் ஒருவகையாகவும் அண்டை வீட்டாரிடம் வேறுவகையாகவும் இருப்பதை இத்தொடர் உரக்கப் பேசாமல் உணர்த்துகிறது. கில் தமிழர் அல்லர். அருளாட்டத்தைப் பற்றி இப்படைப்பு பேசவும் இல்லை. ஆயினும் தைப்பூசத்தை நெருக்கத்தில் எடுத்த படங்களைவிட இதுவே அருளாட்டத்தின் இலக்கணத்துக்கு நெருங்கி நிற்கிறது. வாயில் ஒன்று வைத்து, 'யார் இது?' என்னும் வினாவை நம் வாயால் எழுப்பிவிடுகிறது அல்லவா?

பழைய குடும்பப் படங்களைக் கொண்டு பல இனத்தாரின் உருவங்களை மீட்டுருவாக்கிய ரெட்சா பியதாசாவின் (1939–2007) மலேசியத் தொடரும், மலாக்காவின் பக்கார்ட் ஒளிப்பட நிலையத்துப் படங்களை அடுக்கி யீ ஐ-லான் 2002-இல் உருவாக்கிய 'மலேசியானா'வும் இவ்வகையில் நினைக்கத்தக்கவை. ஒளிப்பட நிலையமும் ஒரு வாயிலே. மேற்சட்டையை இரவல் வாங்கி அணிந்து, வரைந்த மாளிகையின் முன் நின்று, ஒரு நொடி வேறொருவராகி வீடு திரும்பிய பாட்டன்மார் நம் அனைவர்க்கும் உண்டு.

தமிழ்ச் சூழலோடு நேரடியாகத் தொடர்புடையது ஜெ. அனுரேந்திர ஜெகதேவாவின் படைப்பு. ஜொகூர் பாருவில் 1965-இல் பிறந்த இவர் இலங்கைத் தமிழ் வழிவந்தவர். சட்டம் பயின்று, இதழாளராகப் பணியாற்றி, ஓவியரானவர். 2010-களின் முற்பகுதியில் இவர் உருவாக்கிய நிறுவல் மணமேடையின் வடிவில் அமைந்தது. 'மா-நா-வா-ரே' என்று அசை அசையாகப் பிரித்து ரோமன் எழுத்தில் அதற்குப் பெயரிட்டார். பெரும் விவாதத்தின் காலத்தில் காதல், இழப்பு, மணமுன் ஒப்பந்தம் என்பது துணைத்தலைப்பின் பொருள். காலரா காலத்துக் காதல் பற்றிய லத்தீன் அமெரிக்க நாவலின் தலைப்பை அது எதிரொலிக்கிறது. நம் நாட்டின் இன, சமய விவாதங்களை ஒரு கொள்ளைநோயாகக் காண்கிறது போலும்.

'மணவறை' என்பதனை இவ்வாறு அசை பிரித்து எழுதியதைத் தமிழாசிரியர் சிலர் குறையாகக் கருதக்கூடும். எனக்கு அது படைப்பின் உயிர்நிலையாகத் தோன்றுகிறது. தமிழை வீட்டில் கேட்டு, பள்ளியில் கல்லாமல், ஆங்கிலத்தின் வழியே திரும்பி வருபவரின் நாக்கு இச்சொல்லை அப்படித்தான் தடவி உச்சரிக்கும். இரயில்வே எழுத்தர்களாகவும் கணக்கர்களாகவும் வந்த யாழ்ப்பாணத்தார் குடியேறிய பிரிக்ஃபீல்ட்ஸில் இந்த உச்சரிப்பு அயலானதன்று. ஸ்காட் சாலையில் ஆகம நெறி வழுவாது அவர்கள் எழுப்பிய கந்தசுவாமி கோயிலில் தோட்டத்துக் கோயிலின் உறுமியும் சுருட்டும் இடம்பெற்றதில்லை. அதே சாலையில்தான் ஜெகதேவாவின் ஓவியங்களைக் காட்சிப்படுத்தி வந்த வெய்-லிங் கலைக்கூடமும் அமைந்தது. அருளாட்டத்தைத் தோட்டத் தொழிலாளரின் வழக்கெனத் தள்ளி வைத்த நடுத்தர வகுப்பினர்க்கும் தன்னிலை மாறுவதற்கு ஒரு களம் தேவைப்பட்டது. மணவறையே அக்களம். அங்கும் விரதம் உண்டு, நீராட்டு உண்டு, மேளம் உண்டு, பெயர் கேட்டு மந்திரம் சொல்லும் குருக்கள் உண்டு. ஒருவராக ஏறி வேறொருவராக இறங்கும் மேடை அது. ஜெகதேவா காவடியை வரையாமல் மணவறையைத் தேர்ந்தது தம் வகுப்பின் வாயிலைச் சரியாக அடையாளம் கண்டதன் விளைவு என்பேன்.

இருப்பினும் ஒரு குறையைச் சுட்டவேண்டும். கிள்ளான் தெங்கு கிளானா சாலைப் பகுதியில் திருமணம் நடத்துவோர்க்குத் தெரியும்: மணவறை வாடகைப் பொருள். முதல் நாள் இரவில் எழுப்பி, மறுநாள் பிற்பகலில் பிரித்துச் சரக்குந்தில் ஏற்றிவிடுவர். பிரிக்கப்படுவதே அதன் இயல்பு. கலைக்கூடத்தில் நிலைத்துவிட்ட மணவறையில் வருதல் உண்டு, மலையேறுதல் இல்லை. மணமக்கள் இறங்கிச் செல்லும் காட்சிக்கு அங்கு வழியில்லை. நிறுவல் என்னும் வடிவத்துக்கே உரிய இக்குறையைக் கலைஞர் மீது முழுதும் சுமத்துதல் நேரிதன்று.

நிரஞ்சன் ராஜாவின் பாதை வேறு. 1997-இல் தேசியக் கலைக்கூடத்தில் ஹஸ்னுல் ஜமால் சைடனோடு இணைந்து முதல் மின்னணுக் கலைக்காட்சியை நெறிப்படுத்தியவர் அவர். பின்னர்க் கனடாவில் குடியேறினார். 2010-களில் அவர் மேற்கொண்ட 'கோபோய்' தொடரில், மேலைநாட்டுத் திரைப்படத்து மாட்டிடையனின் கோலத்தை மலாய் எழுத்துக்கூட்டலோடு தாமே பூணுகிறார். இது ஆவேசமன்று, அறிதுயிலுமன்று, தூய வேடம். மணிமேகலை வஞ்சியில் பூண்ட மாதவ வடிவைப் போன்றது. தொப்பியை அணிந்தவர் தொப்பியை நம்பவில்லை. புலம்பெயர்ந்தவரின் நகைச்சுவை இதில் மிளிர்கிறது; ஆனால் உதயகுமரன் வெட்டுண்டது போன்ற விளைவு எதுவும் இதில் நேர வாய்ப்பில்லை என்பதால், அதன் பதற்றமும் குறைவே.

அட்டை

இதுவரை கூறியவற்றின் பின்னணியில் 'அடையாளம்' என்னும் சொல்லுக்கே திரும்பவேண்டியுள்ளது. மலேசியத் தமிழர்க்கு இச்சொல் முதலில் நினைவூட்டுவது தத்துவத்தை அன்று, அட்டையை. அவசரகாலம் அறிவிக்கப்பட்ட 1948-இல் மலாயாவில் அடையாள அட்டை நடைமுறைக்கு வந்தது. பின்னாளில் குடிமக்களுக்கு நீலமும் நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பும் என நிறம் பிரிந்தது. 2001-இல் மைகாட் வந்தது. தோட்டத்திலேயே பிறந்து, பிறப்புப் பதிவு இன்றியோ பெற்றோரின் ஆவணக் குறையாலோ சிவப்பு அட்டையோடும் எந்த அட்டையும் இன்றியும் முதுமை எய்திய தமிழர் பலர். 2011-இல் அரசு 'மைடாஃப்தார்' என்னும் பதிவு இயக்கத்தை நடத்தவேண்டியிருந்ததே இக்குறையின் பரப்பைக் காட்டும். அட்டை இல்லாதவர்க்குப் பள்ளி, மருத்துவமனை, வங்கி, திருமணப் பதிவு ஆகிய ஒவ்வொரு வாயிலிலும் 'யார் நீ?' என்னும் வினா எழும். கோயிலில் அவ்வினாவுக்குக் 'காளி' என்று விடையளித்தால் வணங்குவர். அலுவலகத்தில் அவ்விடை செல்லாது.

அடையாளம் நெகிழ்வது நன்று என்று கையேடுகள் எழுதுபவர் பெரும்பாலும் உறுதியான கடப்பிதழ் உடையவர். அவர்க்கு நெகிழ்வு என்பது விடுமுறை. எந்நேரமும் நெகிழ்ந்தே கிடக்கும் அடையாளத்தோடு வாழ்பவர் விரும்புவது உறுதியை. காவடியாளருக்குச் சாமி வருவதும் போவதும் அவர் நெகிழ்வை நாடியதால் அன்று. ஒரு காலைப்பொழுதேனும் தம் பெயரை ஊரார் கேட்டு, ஏற்று, வணங்கி, மீண்டும் தம்மிடமே ஒப்படைப்பதால் என்று நான் கருதுகிறேன். படியேறும்போது அவர் உடுத்தியிருக்கும் மஞ்சள் வேட்டியில் பை இல்லை. பணப்பையும் கைப்பேசியும் அடையாள அட்டையும் உடன் வரும் தம்பியிடமோ மனைவியிடமோ இருக்கும்.

சீர்திருத்த நோக்கினர் இதனை ஏற்கமாட்டார் என்பதை அறிவேன். 1929 இறுதியில் பெரியார் மலாயாவுக்கு வந்ததையொட்டி வலுப்பெற்ற சீர்திருத்த இயக்கத்தினர் அலகு குத்துவதைக் கடுமையாக எதிர்த்தனர். சமய நோக்கில் மலேசிய இந்து சங்கமும் சாட்டை, வாள், சுருட்டு முதலியவற்றைத் தவிர்க்குமாறு காவடியாளர்க்கு வழிகாட்டுதல்கள் வெளியிட்டு வந்துள்ளது. பகுத்தறிவாளரும் சமயத் தூய்மையாளரும் ஒரே பொருளில் உடன்படும் அரிய இடம் இது. அவர்கள் கவலையில் நியாயம் இல்லாமலில்லை; மது அருந்தி ஆடுவோரும் படம் எடுப்போருக்காக ஆடுவோரும் உண்டு. ஆயினும் போலியைக் கண்டறியும் முறையும் அந்த ஆட்டக் களத்திலேயே இருக்கிறது. 'யார் வந்திருப்பது?' என்று கேட்கத் தெரிந்த பூசாரி இருக்கும்வரை போலிக்கு நெடுநேரம் இடமிராது.

அத்தகைய பூசாரிகளும் உறுமிக் குழுத் தலைவர்களும் மூத்து வருகின்றனர். தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளானதும், கோயில்கள் இடம்பெயர்ந்ததும், பயிற்சி நிகழ்ந்த மாலை வேளைகளும் குறைந்தன. அவர்கள் கேட்கும் வினாக்களின் சொல் வடிவங்கள், சாமியின் பெயரை உறுதி செய்யும் உரையாடல்கள், மலையேற்றும்போது சொல்லும் வழியனுப்புரைகள் ஆகியன நாட்டார் வழக்காற்றியலுக்கு மட்டுமன்றிக் கலைவிமரிசனத்துக்கும் மூலப்பொருள். படங்கள் நம்மிடம் போதுமான அளவில் உள்ளன. காப்பார், பந்திங், கோல சிலாங்கூர் வட்டாரப் பள்ளிகளில் பணிபுரியும் தமிழாசிரியர்கள் தம் மாணவரின் தாத்தா, பாட்டியரிடமிருந்தே இச்சொற்களை ஒலிப்பதிவு செய்யத் தொடங்கலாம். அதற்குக் கலைக்கூடமோ நல்கையோ வேண்டியதில்லை.